அச்சில் பிழைத்த ஆட்டங்கள்

1834ஆம் ஆண்டு லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் செஸ் கிளப்பில், ஒரு முதியவர் சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதியபடியே இருந்தார். அவர் பெயர் வில்லியம் கிரீன்வுட் வாக்கர். பலகையின் ஒரு பக்கம் பிரான்சின் லா பூர்தொன்னே; அன்றைக்கு உலகத்திலேயே வலுவான ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றவர். மறுபக்கம் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த அலெக்சாண்டர் மெக்டொனல். ஜூன் மாதம் தொடங்கி இலையுதிர் காலம் வரைக்கும் இருவரும் ஆறு தொடர்களாக 85 ஆட்டங்கள் ஆடினார்கள். கடிகாரம் கிடையாது. ஒரு காயை நகர்த்த மெக்டொனல் ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் யோசிப்பார். வாக்கர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு நகர்த்தலையும் குறித்துக்கொண்டார். 

லா பூர்தொன்னே 45 ஆட்டங்களில் வென்றார், மெக்டொனல் 27இல் வென்றார், 13 டிராவில் முடிந்தன. மறு ஆண்டே மெக்டொனல் இறந்துபோனார். 1840இல் லா பூர்தொன்னே அதே லண்டனில் வறுமையில் இறந்தார். இருவரும் கென்சல் கிரீன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்கள். வாக்கரின் காகிதங்கள் மட்டும் அச்சேறின.

அவர்கள் ஆடிய அதே ஆண்டுகளில்தான் லண்டன் மேடைகளில் பகனினி வயலின் வாசித்துக் கூட்டத்தை மயக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசிப்பு இன்று எங்கே? கேட்டவர்கள் எழுதிவைத்த வியப்புச் சொற்கள் இருக்கின்றன, ஒலி இல்லை. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வர 1877 ஆகிவிட்டது. அதற்கு முன்னால் பாடியவர், ஆடியவர், நடித்தவர் எல்லாருடைய கலையும் அவர்களோடேயே போய்விட்டது. சதுரங்கம் மட்டும் விதிவிலக்கு. நான்காம் தொடரின் பதினாறாவது ஆட்டத்தை இன்றைக்கு நீங்கள் உங்கள் வீட்டு மேசையில் அப்படியே நிகழ்த்தலாம். கறுப்புக் காய்களோடு ஆடிய லா பூர்தொன்னே தன் ராணியையே எதிராளியின் யானைக்கு விட்டுக்கொடுக்கிறார். அடுத்த நகர்த்தலில் கறுப்புச் சிப்பாய்கள் மூன்று, டி2, இ2, எஃப்2 என்ற கட்டங்களில், பட்டம் சூட இன்னும் ஓரடியே மிச்சமிருக்க, தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வெள்ளையிடம் ராணியும் யானையும் இருந்தும் அந்த மூன்றையும் தடுக்க வழியில்லை. மெக்டொனல் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். அந்தக் கணம் 1834இல் எப்படி இருந்ததோ, இம்மி பிசகாமல் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஓர் ஆட்டம் முடிந்ததும் காய்களை மறுபடி அடுக்கிவிடுவார்கள். அத்தோடு அது அழிந்தது. அழியாமல் காத்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் செஸ் இதழ்கள். காத்ததோடு நில்லாமல், ஒரு பொழுதுபோக்கை, ஒருவர் கண்டதை இன்னொருவர் சோதித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் அறிவுத்துறையாகவே அவை மாற்றிவிட்டன என்பது என் எண்ணம்.

முதலில், ஒரு நகர்த்தலை எழுதுவது எப்படி என்ற கேள்வியே தீரவேண்டியிருந்தது. ஆரம்பத்தில் ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே போனது என்று வாக்கியமாகவே எழுதினார்கள். பிறகு இங்கிலாந்தில் அதைச் சுருக்கினார்கள். ஆனால் அந்தச் சுருக்கத்தில் ஒரு சிக்கல்: ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து எண்ணினார்கள். வெள்ளைக்கு நான்காவதாக இருக்கும் கட்டம் கறுப்புக்கு ஐந்தாவது. சென்னைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதைப்போல, பலகையின் 64 கட்டங்களுக்கும் இரண்டிரண்டு பெயர்கள். இதற்கு விடை முன்பே கிடைத்திருந்தது. சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த பிலிப் ஸ்டம்மா 1737இல் பாரிசில் வெளியிட்ட நூலில், குறுக்கே எழுத்து, நெடுக்கே எண் என்று வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே பெயர் கொடுத்திருந்தார். ஜெர்மானியர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். ஆங்கில இதழ்களோ பழைய முறையை இருபதாம் நூற்றாண்டிலும் விடவில்லை. சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடே 1981இல் அதை ஏற்பதை நிறுத்திய பிறகுதான் அது ஓய்ந்தது. பழைய ஆங்கில இதழைப் படிக்க உட்காரும் எவரும் முதல் சில ஆட்டங்களில் காயைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கவேண்டியிருக்கும். அந்தச் சிரமம் படத்தக்கதே.

உலகின் முதல் செஸ் பத்திரிகை 1836இல் பாரிசில் வந்தது: 'லெ பலமேத்'. தொடங்கியவர்கள் அந்த லா பூர்தொன்னேயும் ழோசெஃப் மேரி என்ற கவிஞரும். 1839இல் நின்று, பின்னர் சேன்-அமான் கையில் மறுபிறவி எடுத்து 1847 வரை வந்தது. லண்டனில் 1841 முதல் ஹோவர்டு ஸ்டான்டனின் 'செஸ் பிளேயர்ஸ் குரோனிக்கிள்', பெர்லினில் 1846 முதல் 'ஷாக்ட்சைட்டுங்', வியன்னாவில் 1855இல் இன்னோர் இதழ், நியூயார்க்கில் 1857 முதல், 20 வயது பால் மார்ஃபியின் பெயரையும் ஆசிரியராகத் தாங்கிய 'செஸ் மன்த்லி'. பல இதழ்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஒரு பள்ளியின் இதழிலிருந்து முளைத்து 1881இல் தனி உருவெடுத்த 'பிரிட்டிஷ் செஸ் மேகசின்' இதழோ நூற்றாண்டைத் தாண்டி வாழ்ந்தது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தவை வாராந்திரப் பத்திரிகைகளின் செஸ் பகுதிகள். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழில் 1845 முதல் 1874இல் இறக்கும்வரை ஸ்டான்டன் எழுதினார். அதில் வாசகர்களுக்குப் பதில் என்றொரு பகுதி உண்டு. கேள்வியை அச்சிடமாட்டார்கள், பெயரின் முதலெழுத்தைப் போட்டுப் பதிலை மட்டும் அச்சிடுவார்கள். படிக்கிற நாம்தான் கேள்வியை ஊகிக்கவேண்டும். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வீட்டில் நடந்த சண்டை, ஒரு சிப்பாய் எட்டாவது கட்டத்தை அடைந்தால் பலகையில் ஏற்கெனவே ராணி இருக்கும்போதே இன்னொரு ராணி ஆகலாமா கூடாதா என்ற சண்டை, அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் கேட்கும். ஊருக்கு ஊர் வேறுவேறாக இருந்த விதிகள் ஒன்றாகத் திரண்டதில் இந்தச் சின்னஞ்சிறு பதில்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி, இந்த இதழ்கள் செய்த இரண்டு அற்புதங்களைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

1845இல் ஸ்டான்டனின் 'குரோனிக்கிள்' ஒரு புதிரை அச்சிட்டது. டெல்லியிலிருந்து தபாலில் வந்தது. அனுப்பியவர் 'ஷாகிர்த்' என்று புனைபெயர் இட்டிருந்தார். வெள்ளை ஆடி நான்கு நகர்த்தல்களில் கறுப்பு ராஜாவுக்கு செக்மேட் கொடுக்கவேண்டும். கறுப்பிடம் நகர்த்த அதிகம் எதுவும் இல்லை. ஒன்றிரண்டு சிப்பாய்களின் அடிகள்தான். அவையும் தீர்ந்தால் ராஜா போக இடமில்லாமல் ஸ்டேல்மேட் ஆகிவிடும். அதாவது டிரா. இங்கிலாந்தின் தேர்ந்த புதிர்வாணர்கள் இதற்கு முன்னால் திணறினார்கள்.

விடையின் அழகு இதுதான். வெள்ளையின் மந்திரி, பலகையின் வலது ஓரத்திலிருந்து குறுக்குக் கோட்டில் நீண்ட தூரம் பின்வாங்கி அடிவரிசையில் சி1 என்ற கட்டத்தில் போய் ஒதுங்குகிறது. பார்த்தால் அர்த்தமே இல்லாத நகர்த்தல். தாக்கவேண்டிய காய் ஏன் இத்தனை தொலைவு ஓடுகிறது? பிறகு வெள்ளை யானை டி2வுக்கு வந்து அந்த மந்திரியின் வழியையே மறைத்து நிற்கிறது. தன் காயின் பாதையைத் தானே அடைப்பதா? ஆனால் வழி அடைபட்டதால்தான் அதுவரை மந்திரியின் பார்வையில் இருந்த எஃப்4 கட்டம் கறுப்பு ராஜாவுக்குத் திறக்கிறது. ஸ்டேல்மேட் ஆபத்து நீங்கியது. வேறு வழியில்லாத ராஜா அங்கே அடியெடுத்து வைக்கிறது. உடனே யானை டி4வுக்கு நகர்கிறது. யானையின் செக் ஒரு பக்கம். யானை விலகியதால் திறந்த கோட்டில், பலகையின் கோடியில் மறைந்திருந்த மந்திரியின் செக் மறுபக்கம். இரட்டைச் செக், ஆட்டம் முடிந்தது. மந்திரி ஓடியது ஒளிந்துகொள்ள. யானை மறைத்தது இரையை வரவழைக்க.

இதற்கு முன்னும் புதிர்கள் இருந்தன. அவற்றில் காய்களைப் பலிகொடுப்பதும் தொடர்ந்து செக் சொல்வதுமே விறுவிறுப்பு. செக்கே சொல்லாமல், அமைதியாக, கோடுகளைத் திறந்தும் மூடியும் ஒரு கருத்தை நிகழ்த்திக்காட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டியது டெல்லிக் கடிதம்தான். மூல அமைப்பில் வேறு வழிகளாலும் வெல்ல முடியும் என்ற குறை பின்னால் தெரிந்தது. அது பெரிதாகப்படவில்லை. 'இந்தியப் புதிர்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. கோட்ஸ், கொக்கெல்கோர்ன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1903இல் அதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்கள். அனுப்பியவர் ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்ற பாதிரியார். 1848இலேயே அவர் இறந்துவிட்டார். தன் கடிதம் புதிர்க்கலையில் ஒரு புதிய மரபைத் தொடங்கிவைத்ததை அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது அற்புதம் 1848இல் பெர்லினின் 'ஷாக்ட்சைட்டுங்' இதழில் வந்த ஒரு சிறு கேள்வி. கேட்டவர் மாக்ஸ் பெட்செல். எட்டு ராணிகளை, ஒன்றையொன்று வெட்டாதபடி, ஒரே பலகையில் வைக்க முடியுமா? எத்தனை விதமாக வைக்கலாம்?

ராணி நேராகவும் பக்கவாட்டிலும் குறுக்காகவும் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் பாயும். 64 கட்டங்களில் எட்டு ராணிகளை வைக்க மொத்தம் 442 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன, துல்லியமாக 4,42,61,65,368. அவற்றில் நிபந்தனைக்குப் பொருந்துபவை எத்தனை? கணித மாமேதை காஸுக்கும் இந்தக் கேள்வி எட்டியது. தன் வானியல் நண்பர் ஷூமாக்கருக்கு எழுதிய கடிதங்களில் அதை அலசினார். முதலில் அவர் எல்லா விடைகளையும் கண்டுவிடவில்லை. 1850இல் ஃபிரான்ஸ் நௌக் சரியான எண்ணைச் சொன்னார்: 92.

இந்த 92க்குள் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. ஒரு விடையை எடுத்துப் பலகையைச் சுழற்றினாலும், கண்ணாடியில் பார்த்தாலும் புதிய விடைகள் கிடைக்கும். ஒரு விடையிலிருந்து இப்படி எட்டு கிடைக்கும். அடிப்படையான விடைகள் 12. பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் 96 வரவேண்டுமே? அந்தப் பன்னிரண்டில் ஒன்று மட்டும், பலகையை அரை வட்டம் சுழற்றினாலும் மாறாமல் அப்படியே இருக்கும். அதிலிருந்து நான்குதான் கிடைக்கும். பதினொன்றை எட்டால் பெருக்கி நான்கைக் கூட்டுங்கள்: 92. நம்பாதவர்கள் ஏ1, பி5, சி8, டி6, இ3, எஃப்7, ஜி2, எச்4 ஆகிய கட்டங்களில் எட்டுச் சிப்பாய்களை ராணிகளாகப் பாவித்து வைத்து, அந்த அமைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எட்டு விடைகள் கிடைப்பதைச் சரிபார்க்கலாம்.

இன்று கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் அநேகமாக எல்லாரும் இந்தக் கணக்கைச் செய்துபார்த்திருப்பார்கள். ஒரு ராணியை வை, அடுத்ததை வை, இடமில்லையென்றால் ஓரடி பின்வாங்கி முந்தையதை மாற்று. பின்வாங்கித் தேடும் இந்த முறையை விளக்க எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1972இல் எடுத்துக்கொண்ட உதாரணம் இதுவே. பலகையைப் பெரிதாக்கி ராணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கேள்வி மலைபோல் வளர்கிறது. 2021இல் மைக்கேல் சிம்கின் என்ற கணித அறிஞர், மிகப் பெரிய பலகைகளில் விடைகள் தோராயமாக எத்தனை என்று காட்டினார்: ராணிகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ 0.143ஆல் பெருக்கி, வரும் தொகையை ராணிகளின் எண்ணிக்கை எத்தனையோ அத்தனை தடவை தன்னோடு தானே பெருக்கவேண்டும். செஸ் இதழின் ஒரு மூலையில் வந்த கேள்விக்கு 173 ஆண்டுகள் கழித்தும் கணிதம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவின் ஆட்டக்காரர்களும் இதே இதழ்களின் பக்கங்களில் இருக்கிறார்கள். கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன், ஸ்டான்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர். கல்கத்தாவில் அவருக்கு ஈடு கொடுக்க ஆளில்லை. ஒருவரைத் தவிர: வங்காளத்துப் பிராமணரான மகேஷ் சந்திர பந்தோபாத்யாய். ஊரிலிருந்த அவரைத் தேடிப் பிடித்துக் கல்கத்தா கிளப்புக்குக் கொண்டுவந்தார்கள். இருவரும் 1840களின் கடைசியிலும் 1850களிலும் ஏராளமான ஆட்டங்கள் ஆடினார்கள். அவற்றில் பல, கப்பல் தபாலில் லண்டன் சென்று அச்சேறின. அவர் பெயரை ஆங்கிலேயர்கள் எழுதிய விதம் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று.

மகேஷ் சந்திரர் நம் நாட்டு முறையில் ஆடிப் பழகியவர். அந்த முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ஆகவே ஆட்டம் மெதுவாக விரியும். மந்திரியைப் பக்கவாட்டில் ஒதுக்கி, தூரத்திலிருந்து நடுப்பலகையைக் குறிவைப்பது அங்கே இயல்பு. இந்தப் பழக்கத்தை அவர் ஐரோப்பிய விதிகளுக்குள்ளும் கொண்டுபோனார். நடுப்பலகையை உடனே சிப்பாய்களால் பிடிப்பதே சரி என்று நம்பிய ஐரோப்பியர்களுக்கு இது விந்தையாகத் தெரிந்தது. 1855 மே மாதத்தில் காக்ரேனுக்கு எதிராக அவர் ஆடிய ஓர் ஆட்டத்தின் தொடக்கம், 1922இல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டு பிரபலமாக்கிய தற்காப்புதான். அந்தத் தற்காப்புக்கு இன்றும் க்ரூன்ஃபெல்டின் பெயர். அறுபத்தேழு ஆண்டுகள் முன்னதாகவே அதை ஆடியவரின் பெயர் அதில் இல்லை. ஆனால், பல தற்காப்புகள் அடங்கும் 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பொதுப்பெயர் அவருடைய ஆட்டமுறைக்குக் கடன்பட்டது. பிற்கால உலகச் சாம்பியன்களான ஃபிஷரும் காஸ்பரோவும் உயிராக நேசித்து ஆடிய 'கிங்ஸ் இந்தியன்' அந்தத் தற்காப்புகளில் ஒன்று.

அதே கல்கத்தா ஆட்டங்களில்தான், 1848இல், காக்ரேன் தன் குதிரையை எஃப்7 சிப்பாய்க்குப் பலியிட்டுத் தாக்கும் துணிச்சலான ஒரு தொடக்கத்தைக் கையாண்டார். எதிரே இருந்தவர் மகேஷ் சந்திரர். 1999இல் லினாரெஸ் போட்டியில் டோபலோவ் கிராம்னிக்குக்கு எதிராக அதே குதிரைப் பலியைக் கொடுத்தார். உலகின் உச்ச ஆட்டக்காரர்கள் இருவர் மோதிய அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. கல்கத்தா கிளப்பில் பிறந்த ஒரு துணிச்சல் ஒன்றரை நூற்றாண்டு அச்சில் காத்திருந்தது.

சென்னைக்கும் இதில் இடம் உண்டு. 'லெ பலமேத்' பிறப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1829இல், மதராசில் ஒரு நூல் அச்சானது. எழுதியவர்கள் குலாம் காசிமும், கும்பினி அரசில் அலுவலராக இருந்த ஜேம்ஸ் காக்ரேனும். (கல்கத்தாவின் ஜான் காக்ரேன் வேறு.) மதராசுக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலமாக நடந்த இரண்டு ஆட்டங்களும், 'முசியோ கேம்பிட்' என்ற தொடக்கத்தைப் பற்றிய விரிவான ஆராய்ச்சியும் அதில் இருந்தன. முசியோ என்பது, எதிராளி உங்கள் குதிரையைச் சிப்பாயால் மிரட்டும்போது, குதிரையைக் காப்பாற்றாமல் வெட்டக் கொடுத்துவிட்டுத் தாக்குதலில் இறங்குவது. அந்த இடத்தில் ராஜாவைப் பத்திரப்படுத்தாமல் நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் வழிக்கு 'குலாம் காசிம் தாக்குதல்' என்று தொடக்கங்களைத் தொகுக்கும் நூல்களில் இன்றும் பெயர். செஸ் உலகின் வரைபடத்தில் மதராசைப் பதித்த முதல் பெயர்களில் ஒன்று அவருடையது.

அச்சில் வந்ததெல்லாம் உண்மையா என்ற கேள்வியையும் தவிர்க்கக்கூடாது. உலகத்திலேயே புகழ்பெற்ற ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சியை ஒட்டி முதல் சர்வதேசச் செஸ் போட்டி நடந்தது. அதில் வென்றவர் ஜெர்மானியக் கணித ஆசிரியர் அடோல்ஃப் ஆண்டர்சன். போட்டிக்கு நடுவே, ஜூன் 21 அன்று, 'சிம்ப்சன்ஸ் டிவான்' என்ற இடத்தில் லியோனல் கீசெரிட்ஸ்கியோடு அவர் சும்மா ஓர் ஆட்டம் ஆடினார். ஒரு மந்திரி, இரண்டு யானைகள், கடைசியில் ராணி என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த சிறு காய்களால் செக்மேட் செய்தார். தோற்ற கீசெரிட்ஸ்கியே அதைத் தன் 'லா ரெஜான்ஸ்' இதழில் அச்சிட்டார். தன்னைத் தரைமட்டமாக்கிய ஆட்டத்தைத் தானே உலகத்துக்கு எடுத்துக்காட்டும் மனம் எத்தனை பேருக்கு வரும்? 1855இல் வியன்னா இதழில் ஃபால்க்பியர் அதற்கு 'அழியா ஆட்டம்' என்று பெயர் சூட்டினார்.

ஆனால் அந்த அழியா ஆட்டத்தின் முடிவை எல்லாரும் ஒரே மாதிரி அச்சிடவில்லை. சிலர் செக்மேட் வரை ஆடப்பட்டது என்றார்கள். கீசெரிட்ஸ்கி அதற்கு மூன்று நகர்த்தல்கள் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டதாக வேறு பதிவுகள் சொல்கின்றன. இடையிலுள்ள சில நகர்த்தல்களின் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. அச்சுக் கோப்பவரின் கை தவறலாம். கேட்டு எழுதியவரின் நினைவு பிசகலாம். பழைய இதழ்களைப் படிக்கும் வரலாற்றாளர்கள் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

கை தவறாமல், தெரிந்தே மறைத்ததும் உண்டு. 1858இல் மார்ஃபி அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து வந்து ஸ்டான்டனை ஆட்டத்துக்கு அழைத்தார். ஸ்டான்டன் நாள் கடத்தினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பிக்கும் வேலை அவர் தலைமேல் இருந்தது. அது நியாயமான காரணம். பொறுமையிழந்த மார்ஃபி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பிரதிகளை மற்றப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். ஸ்டான்டன் தன் பகுதியில் அதை வெளியிட்டபோது, தனக்குச் சங்கடம் தரும் ஒரு பத்தியை நீக்கிவிட்டார். மற்றப் பத்திரிகைகளில் கடிதம் முழுதாக வந்தது. வாசகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டான்டன் செஸ்ஸுக்குச் செய்த தொண்டு மிகப் பெரிது. நாம் இன்று பயன்படுத்தும் காய்களின் வடிவத்தைத் தன் செஸ் பகுதியில் பரப்பியவரும் அவரே. 1849 முதல் அந்த வடிவத்துக்கு அவர் பெயர்தான். இருந்தும் அந்த ஒரு பத்தியை நீக்கியதை வரலாறு இன்றுவரை அவர் கணக்கில் வைத்திருக்கிறது. அப்படி வைத்திருப்பதே சரி.

நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் இதழ்கள் ஆய்வுக்கூடமாகவே ஆயின. 1886இல் சுக்கர்டோர்ட்டை வென்று உலகச் சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ், 1885 முதல் 1891 வரை நியூயார்க்கில் 'இன்டர்நேஷனல் செஸ் மேகசின்' நடத்தினார். அதிரடித் தாக்குதலால் எப்போதும் வெல்ல முடியாது. சிறுசிறு சாதகங்களைச் சேர்த்துவைத்து, தாக்கும் உரிமையைச் சம்பாதித்த பிறகே தாக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அதை ஆட்டத்துக்கு ஆட்டம், நகர்த்தலுக்கு நகர்த்தல் விளக்கி எழுதினார். ரஷ்யாவின் சிகோரின் அதை ஏற்கவில்லை. வாதத்தைத் தீர்க்க இருவரும் 1890–91இல் கடலடித் தந்தி மூலம் இரண்டு ஆட்டங்கள் ஆடினார்கள். எந்தத் தொடக்கங்களில் கருத்து வேறுபாடோ அவற்றையே எடுத்துக்கொண்டு. ஒருவர் ஒரு கருத்தை வெளியிடுகிறார், இன்னொருவர் மறுக்கிறார், சோதனை எல்லார் கண்முன்னும் நடக்கிறது. அறிவியல் நடப்பதும் இப்படித்தானே? இரண்டு ஆட்டங்களிலும் சிகோரின் வென்றார்.

அவற்றில் ஒன்றில் ஸ்டைனிட்ஸ் தன் குதிரையைப் பலகையின் ஓரத்தில், எச்3 கட்டத்தில், கொண்டுபோய் வைத்தார். ஓரத்துக் குதிரைக்குப் பலம் குறைவு என்பது பாலபாடம். தோற்றதும் அந்த வழியை உலகம் கைவிட்டது. 1963இல் ஃபிஷர் அதை எடுத்தார். பிஸ்கையருக்கு எதிராக அதே கட்டத்தில் அதே குதிரையை வைத்து வென்றார். ஃபிஷர் பழைய இதழ்களையும் நூல்களையும் விழுந்து விழுந்து படித்தவர். மற்றவர்கள் செத்த கருத்து என்று தாண்டிப்போன இடத்தில் அவர் நின்று பார்த்தார்.

இந்த இதழ்களின் பல தொகுதிகள் இன்று இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. கிளீவ்லாந்து பொது நூலகத்தின் ஜான் ஒயிட் சேகரிப்பு செஸ்ஸுக்கென்றே உலகில் பெயர்பெற்றது. ஆனால் மதராசின் பக்கத்தைத் தேடவேண்டியவர்கள் நாம்தான். மானுவேல் ஆரோனும் விசுவநாதன் ஆனந்தும் குகேஷும் வாழ்ந்த ஊர் இது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தியது தமிழ்நாடு. குலாம் காசிம் எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், ஹைதராபாத்துக்கு எதிராக அவரோடு உட்கார்ந்து ஆலோசித்தவர்கள் யார் என்ற கேள்விகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் உள்ள பழைய மதராஸ் ஏடுகளிடம் நம் இளம் ஆய்வாளர்கள் கேட்கவேண்டும். செஸ் தெரிந்த ஒருவரும் ஆவணம் படிக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், யாராவது தொடங்குங்கள்.